எட்டு மில்லிப் பிள்ளைகள்

போடிநாயக்கனூரில் இரண்டு சரக்கைத் தரம் பிரிக்கிறார்கள். ஒன்று ஏலக்காய். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைச் சல்லடையில் போட்டு உலுக்கி, எட்டு மில்லிக்கு மேல் நிற்பதைத் தனியாக, ஏழு மில்லியைத் தனியாக, வெடித்ததைத் தனியாக, நிறம் வெளுத்ததைத் தனியாகப் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு நேர்மை இருக்கிறது. சிறுத்த காய்க்கும் ஒரு விலை உண்டு. வெடித்த காயையும் ஏதாவது ஒரு வியாபாரி கேட்பார். "நீ உன் வீட்டில் சரியாக வளரவில்லை, அடுத்த வருஷம் வா" என்று எந்த மண்டிக்காரரும் காயிடம் சொன்னதில்லை.

இரண்டாவது சரக்குக்கு வயது மூன்று. எடை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருக்கும். தலையில் எண்ணெய் வழிய வாரி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையை மாட்டி, எல்.கே.ஜி. சீட்டுக்காகக் கூட்டி வருகிறார்கள். போடி என்றில்லை, தேனி, கம்பம், மதுரை, சென்னை எங்கும் இதே ஊர்வலம்தான். பள்ளிக்கூட வாசலில் 'அட்மிஷன் ஓபன்' என்று பேனர். பேனரில் இந்த மாவட்டத்து வெயிலை ஒருநாளும் பார்த்திராத ஒரு பிள்ளை சிரிக்கும். உள்ளே நம் பிள்ளைக்கு நேர்காணல். நேர்காணல் என்று சொன்னால் சட்டச் சிக்கல் வரும் என்பதால் 'சும்மா ஒரு இன்டராக்‌ஷன்' என்பார்கள்.

அந்த இன்டராக்‌ஷன் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன். எந்தப் பள்ளி என்று தேட வேண்டாம். இந்தக் கேள்விகளைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் யாரைக் கேட்டாலும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறது.

"இது என்ன கலர், கண்ணா?"

பிள்ளை மேஜை மேல் இருக்கும் மணியைப் பார்க்கிறது. அடித்துப் பார்க்க ஆசை.

"அப்பா என்ன பண்றாங்க?"

"ஜீப்பு."

சரியான பதில். அப்பா போடியிலிருந்து போடிமெட்டுக்கு மேலே தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்தான் ஓட்டுகிறார். ஆனால் விடைத்தாளில் அது வேறு மாதிரி மதிப்பெண் வாங்கும். மேடம் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்பார். அதாவது மூன்று வயதுப் பிள்ளைக்கு வைத்த பரீட்சையை முப்பது வயதுக்காரர் எழுத வேண்டும். "வீட்ல நல்லாப் பேசுவான் மிஸ், இங்க வந்ததும் மிரண்டுட்டான்" என்று அம்மா மன்னிப்புக் கேட்கிறாள். எதற்கு மன்னிப்பு? பெற்றதற்கா, பெற்று மூன்று வருஷம்தான் ஆகிறது என்பதற்கா?

பள்ளியின் குறிப்பேட்டில் இந்தப் பிள்ளைக்கு நேராக ஒரு வார்த்தை ஏறும். 'ஷை'. இல்லாவிட்டால் 'ஸ்லோ'. கேள்வி கேட்டவர் ஒருமுறையாவது எழுந்து, பிள்ளையின் முதுகுப் பக்கம் போய் நின்று, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாரா? பிள்ளை திரும்பவில்லை என்றால் அது கூச்சமில்லை, காது. நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லும் கூட்டத்தில், காதைப் பார்க்க ஓர் ஆளில்லை. சிவப்பைப் பச்சை என்று சொன்ன பிள்ளையைக் கழித்துக் கட்டுகிறோம். அதற்கு நிறம் தெரியவில்லையா, அட்டையே மங்கலாகத் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை.

பள்ளியில் சேருமுன் பிள்ளையைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். கட்டாயம் வேண்டும். என் கோபம் பரிசோதனை மேல் இல்லை. நாம் எதை விட்டுவிட்டு எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதன் மேல்.

மூன்று வயதில் பார்க்க வேண்டியவை எவை என்று மருத்துவம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது. ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணை மெல்ல ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியோ, நல்ல கண்ணுக்கு மறைப்போ போட்டுப் பழக்கினால் பார்வையை மீட்கலாம். தாமதிக்கத் தாமதிக்கக் கடினம். காதில் திரும்பத் திரும்பச் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதிச் சொற்கள் விழாது. விழாத சொல்லை அது எப்படிப் பேசும்? பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தலாம், ஆனால் ஆறு வயதுக்குள். மூன்றில் பார்க்காமல் ஏழில் 'ஐயோ, கேட்கவில்லையே' என்று கண்டுபிடிக்கிற ஊருக்கு அந்தத் திட்டம் சுவரில் ஒட்டிய போஸ்டர்தான். ரத்தசோகை இருக்கிற பிள்ளை சோர்ந்து உட்காரும். தேசிய குடும்பநல ஆய்வு 2019–21 சொல்கிறது: தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் அது 50.7. அதாவது இன்டராக்‌ஷனில் 'டல்' என்று எழுதப்படும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தேவை ரைம்ஸ் அல்ல, இரும்புச்சத்து.

ஜப்பானில் ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகளைப் பரிசோதிப்பது உள்ளாட்சியின் சட்டக் கடமை. நம்மிடமும் ஏட்டில் குறையில்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்பில் முப்பது கோளாறுகளைத் தேடச் சொல்கிறது. நடமாடும் மருத்துவக் குழு பால்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை போக வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சைக்குக் காசு கிடையாது. நல்ல திட்டம். பிள்ளையின் குறையைத் தேடுவது அதைச் சேர்த்துக்கொள்ளத்தான் என்று நம்பும் திட்டம். பிள்ளையின் குறையைத் தேடுவது அதைக் கழிக்கத்தான் என்று நம்புகிறவர்களிடம் ஏ.சி. அறை இருக்கிறது, நம்மவர்களிடம் ஒரு வண்டி இருக்கிறது, அதுவும் ரோடு இருக்கிற இடம் வரைக்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சிரிக்க வேண்டும் என்றால் இந்த நாட்டில் நகைச்சுவைப் பத்திரிகை வாங்க வேண்டாம், சட்டப் புத்தகம் போதும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13. பிள்ளையைச் சேர்க்கும்போது நன்கொடை வாங்கக் கூடாது. பிள்ளையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வுக்கும் உட்படுத்தக் கூடாது. குலுக்கல் தவிர வேறு எந்த முறையில் ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையைப் பொறுக்கினாலும் அது குற்றம். அபராதம் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்த முறைக்கு 50,000. பெரிய பள்ளிகளில் ஒரே ஒரு பிள்ளையின் வருஷக் கட்டணம் இதைவிட அதிகம். குற்றத்தின் விலையை இவ்வளவு மலிவாக வைத்து விற்கிற கடை வேறெங்கும் இல்லை.

அந்த மலிவு விலையையும் கொடுக்காமல் தப்பிக்க வழி இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி குழந்தை என்றால் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ளவர். மூன்று வயதுப் பிள்ளை? அது சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தையே இல்லை. வேறு என்ன, கைக்குட்டையா? இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு டெல்லிப் பள்ளிகள் வாதாடின. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டு இடங்களைத் தவிர மற்ற நர்சரிச் சேர்க்கைக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2013 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு வேண்டுமானால் சட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. டெல்லி சட்டமன்றம் 2015-இல், நர்சரிச் சேர்க்கையில் நேர்காணலைத் தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. அந்த மசோதாவை டெல்லி அரசும் மத்திய அரசும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துக்கொண்டன. யாராவது ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுப் போன மனுவை, சட்டம் இயற்றும்படி நாங்கள் உத்தரவிட முடியாது என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மசோதா பிறந்த வருஷம் பிறந்த பிள்ளை அப்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், அதற்கு இடம் கிடைத்திருந்தால்.

இந்த ஓட்டை தற்செயலாக விழுந்ததல்ல. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து ஆண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. கீழே எல்லைக்கோடு போடவில்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமையாகிவிட்டது என்று எல்லோரும் கைதட்டிய அதே நேரத்தில், ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை உரிமையிலிருந்து இறக்கி, அரசு 'முயற்சி செய்யும்' என்ற பட்டியலில் உட்கார வைத்தார்கள். நாமும் வீட்டில் சொல்வதுண்டே, 'பாக்கலாம்' என்று. கடன்காரனுக்குச் சொல்வது.

தமிழ்நாடு 'பாக்கலாம்' என்று சொன்ன விதம் இன்னும் அழகு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைக்கும் காசில்லாமல், நேர்காணல் இல்லாமல் மழலையர் வகுப்பு. 2022-இல் அதை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கண்டனம் கிளம்பியதும், இல்லை, தொடரும் என்றார்கள். தொடர வைக்க ஆசிரியர் வேண்டுமே? மாதம் 5,000 ரூபாய்க்கு ஆள் தேடினார்கள். ஏலத்தோட்டத்தில் மாதம் முழுக்கக் களையெடுக்கிறவருக்கு இதைவிடக் கூடக் கிடைக்கும். படித்துப் பட்டயம் வாங்கிய பெண் மூன்று வயதுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு அரசு போட்ட மதிப்பு அவ்வளவுதான்.

சரி, பிள்ளையை இவ்வளவு அலசி ஆராய்கிற கட்டடங்களை யார் ஆராய்ந்தார்கள்? 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்துக்குள் நெருக்கியடித்த பள்ளிகள், கூரையில் கீற்று, குறுகிய படி. தீயில் கருகியவர்கள் 94 பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது என்னென்ன கேட்டார்களோ. கூரையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து நாம் திருந்தியிருப்போம் அல்லவா? 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்.கே.ஜி. படித்த பெண் குழந்தை செத்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளி வளாகத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நாலு வயதுக் குழந்தை செத்தது. தொட்டிக்கு உறுதியான மூடி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம். 'வாட் இஸ் யுவர் நேம்' என்று பிள்ளையைக் கேட்டு முடித்ததும் பெற்றோர் எழுந்து, "உங்க செப்டிக் டேங்க் எங்க இருக்கு மேடம், காட்டுங்க" என்று கேட்டுப் பார்க்கட்டும். யார் ஷை என்று அப்போது தெரியும்.

போடி டவுனில் இவ்வளவாவது நடக்கிறது; கேள்வி கேட்கவாவது ஒரு பள்ளி இருக்கிறது. மலை ஏறினால் கதையே வேறு. 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்துக் கணக்கு. குரங்கணியில், கொட்டகுடியில், முதுவாக்குடியில் ஒரு கிலோமீட்டருக்குள் காப்பிச்செடி இருக்கும், காட்டுமாடு இருக்கும், அட்டை இருக்கும். மெட்ரிக் பள்ளி எங்கே இருக்கும்? உரிமையைக் கொடுத்தோம், நீ இருக்கிற இடம் சரியில்லை என்கிறது சட்டம். அந்த இடத்தில் முதுவரும் பளியரும் இருக்கத் தொடங்கியபோது கிலோமீட்டரே கிடையாது.

போடி ஜீப் ஸ்டாண்டில் விடியுமுன்னே கூட்டம். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கி ஏறி, போடிமெட்டு வளைவுகளைச் சுற்றிப் பூப்பாறை, சாந்தான்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களையெடுக்கவும் போகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். ஜீப் கிளம்பும்போது பால்வாடிக் கதவு பூட்டிக் கிடக்கும். ஜீப் திரும்பும்போதும் பூட்டிக் கிடக்கும். நடுவில் பிள்ளை அம்மாச்சியிடம். அம்மாச்சிக்குக் கண் தெரிந்தால் பால்வாடிக்குக் கொண்டுபோய் விடுவாள், முட்டி வலித்தால் இல்லை.

தோட்டத்திலேயே பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால், அல்லது அவர்களுக்கு ஆறு வயதுக்குட்பட்ட இருபது பிள்ளைகள் இருந்தால், முதலாளி காப்பகம் நடத்த வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த பெண்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்தில் வந்தது. ஆனால் தினக்கூலிக்கு இன்று இந்தத் தோட்டம், நாளை அந்தத் தோட்டம் என்று போகிறவள் எந்தத் தோட்டத்து ஐம்பதில் ஒருத்தி? எந்தக் கணக்குப்பிள்ளையும் அவளை ஐம்பதாவது ஆளாக எண்ணப் பிரியப்படுவதில்லை. இப்போது வடக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளை எந்த மாநிலத்துப் பதிவேடு எண்ணுகிறது என்று கேட்டால் இரண்டு பக்கமும் அடுத்த பக்கத்தைக் கை காட்டும்.

மருத்துவக் குழு வராமலில்லை. வரும். அதில் இருக்கும் டாக்டரையும் நர்சையும் நான் குறை சொல்ல மாட்டேன்; ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்து போய் எடைத் தராசை மாட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் வந்த நாளில் பிள்ளை இல்லை என்றால் பதிவேட்டில் 'ஆப்சென்ட்'. அதோடு ஆறு மாதம். பிள்ளை இருந்து, காதில் கோளாறு என்று கண்டுபிடித்தால் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். சீட்டோடு போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி தேனியையும் தாண்டி, க.விலக்கில். மலையிலிருந்து போடி, போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து க.விலக்கு. சிகிச்சை இலவசம்தான், அன்றைய கூலி இலவசமாக வராது. முதல் தடவை போனால் 'மெஷின் டெக்னீஷியன் லீவு' என்பார்கள். இரண்டாம் தடவை அவள் போக மாட்டாள். அதற்குப் பெயர் தாயின் அலட்சியம் என்று அறிக்கையில் எழுதுவார்கள். மேலே இருக்கிற சில குடியிருப்புகளிலிருந்து நோயாளியை இன்னும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். காது கேட்காத பிள்ளைக்கு யார் டோலி கட்டுவார்கள்?

அரசுக்குப் பரிசோதிக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். தாய்க்கும் சேய்க்கும் சத்துமாவு கொடுக்க, 2025 ஜூலையிலிருந்து போஷன் டிராக்கர் செயலியில் வாங்க வருகிறவரின் முகத்தைப் படம் பிடித்து ஒத்துப்பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பால்வாடி டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிப் பாறை மேல் ஏற வேண்டும். 'இன்னொரு தடவை கண்ணைச் சிமிட்டும்மா' என்று கெஞ்ச வேண்டும். மாவை யாரும் திருடிவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு நுட்பம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிற கேமராவுக்கு அவள் இமைக்குள் ரத்தம் இல்லாமல் வெளுத்திருப்பது தெரிவதில்லை.

பணமில்லை என்பார்கள். போடிக்குப் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம், 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவி. பெரும்பாலும் எதிலும் மோதாமல், யார் கண்ணிலும் படாமல் மலைக்குள்ளேயே புகுந்து போகிற துகளைப் பிடித்துக் காட்டுவதற்கு. எதிர்ப்பில் அது முடங்கிக் கிடக்கிறது. அந்தத் திட்டம் சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் கண்ணுக்கே தெரியாத துகளைத் தேடி இந்த மலைக்கு வரத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இதே மலையடிவாரத்தில் மூக்கொழுக நிற்கிற பிள்ளையின் காதுக்குள் ஒரு டார்ச் அடித்துப் பார்க்க ஆள் போதவில்லை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

இத்தனைக்கும் போடி சாதாரணத் தொகுதி இல்லை. 1989-இல் ஜெயலலிதா முதன்முதலில் சட்டமன்றம் போனது இங்கிருந்து. 2011, 2016, 2021 என மூன்று தேர்தலில் ஓ.பன்னீர்செல்வத்தை அனுப்பியது, அவர் கடைசி இரண்டு முறை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபோதும் போடியின் உறுப்பினர்தான். எல்லாக் கட்சியும் இந்த மலைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே ஏறியிருக்கிறது.

ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவக் குழு வரும் தேதியைப் பால்வாடிக் கதவில் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். அது ஜீப் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். க.விலக்குக்குச் சீட்டு எழுதினால் தாயின் அன்றைய கூலியையும் பஸ் காசையும் அந்தச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் குழந்தைதான் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முடியாது என்றால் வேலைநாளில் விடியுமுன்னே ஜீப் ஸ்டாண்டுக்கு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னால் அம்மாவும் பிள்ளையும் அங்கே ஒன்றாகக் கிடைப்பார்கள். அவ்வளவு அதிகாலையில் அங்கே எப்படி வந்து சேர்வது என்று எந்தக் கட்சிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஓட்டுக் கேட்க வந்து பழகிய இடம்தான்.